அலையை ஆக்கலும் அளத்தலும்



கரையிலிருந்து பல கடல்மைல் தூரத்தில் நிற்கும் படகொன்று இடருற்றால், அதிலுள்ளோர் முதலில் நாடுவது 16ஆம் அலைவரிசையையே. 156.8 மெகாஹேர்ட்ஸ் என்னும் அம்மீடிறன், இடர்க்காலத்து அழைப்புக்கென உலகெங்குமுள்ள கப்பல்களும் கரையோர நிலையங்களும் ஒதுக்கிவைத்துச் செவிசாய்த்திருக்கும் மீடிறனாகும். செக்கனுக்கு 15 கோடியே 68 இலட்சம் முறை அலைவுறும் மின்னலை அது. அலைவரிசைக்கும் அலைவரிசைக்கும் இடையே 25 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி விடப்பட்டிருக்கின்றது. படகிலுள்ள கருவியின் அலை அந்த இடைவெளியிற் பாதியளவு விலகிவிட்டாற் போதும். அழைப்பவன் குரல் வெளியிலே பரவும், கேட்கவேண்டியவர் காதுக்கு மட்டும் எட்டாது. அழைப்பவனோ தன் கருவியின் முகப்பிலே 16 என்னும் இலக்கம் ஒளிர்வதைக் கண்டு, யாவும் செவ்வனே உள்ளன என்றே எண்ணியிருப்பான்.

கப்பற் கருவிகளுக்குச் சர்வதேச விதிகள் அனுமதிக்கும் விலகல் பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு. 156.8 மெகாஹேர்ட்ஸில் அது 1,568 ஹேர்ட்ஸ் ஆகும். இவ்வளவு சிறிய பிசகைக் கண்ணாலோ காதாலோ அறிதல் இயலாது. கருவியைத் திருத்துவோர் அதனை ஒரு பரிசோதனைக் கருவியோடு இணைத்தே அறிவர். அப்பரிசோதனைக் கருவிக்குத் தொழில் இரண்டு. வாங்கியைச் சோதிப்பதற்கு, மீடிறனும் வலுவும் ஐயமின்றித் தெரிந்த ஓர் அலையைத் தானே ஆக்கித் தரவேண்டும். செலுத்தியைச் சோதிப்பதற்கு, அது வெளிவிடும் அலையை வாங்கி அளந்து கூறவேண்டும். இவ்விரண்டையும் அது எங்ஙனம் செய்கின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பழைய காலத்துச் சைகை பிறப்பாக்கியின் உள்ளே ஒரு கம்பிச் சுருளும், தட்டுக்களைத் திருப்பி மாற்றக்கூடிய ஒரு கொள்ளளவியும் இருந்தன. இவ்விரண்டுக்குமிடையே மின்னாற்றல் ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடும். தட்டுக்களைத் திருப்பினால் ஆட்டத்தின் வேகம் மாறும். மீடிறனை இருமடங்காக்க விரும்பினால் கொள்ளளவை நாலிலொன்றாகக் குறைத்தல் வேண்டும். முகப்பிலே நுண்ணிய கோடுகள் கீறிய பெரிய வட்டத்தட்டொன்று. அதன்மேல் ஒரு முள். பார்ப்பதற்குக் கம்பீரமானது. ஆயின், நூற்றுக்கு ஒரு பங்கு பிழை அத்தகைய தட்டுக்கு அரியதன்று. 156.8 மெகாஹேர்ட்ஸில் நூற்றுக்கொன்று என்பது 62 அலைவரிசைகளுக்கு மேற்பட்ட தூரம்! அன்றியும், கருவி சூடேறும்வரை மீடிறன் நகர்ந்துகொண்டே இருக்கும். மூடியைக் கழற்றிவிட்டுக் கையை அருகிற் கொண்டுசென்றாலும் நகரும். மனிதனின் கையும் ஒரு கொள்ளளவித் தட்டன்றோ?

அக்காலத்துக் கருவிகளிலும் வியக்கத்தக்க சாதுரியம் இருந்தது. 1939இல் கலிபோர்னியாவின் பாலோ அல்ற்ரோ நகரில் ஹியூலற், பக்காட் என்னும் இரு நண்பர்கள் ஒரு வாகனக் கொட்டிலிலே தொடங்கிய தொழிலின் முதற்பொருள், செவிப்புல மீடிறன்களை ஆக்கும் ஓர் அலைவாக்கி. அலையின் வீச்சம் கூடாமலும் குறையாமலும் நிற்பதற்கு ஹியூலற் கையாண்ட உறுப்பு யாதெனின், ஒரு சிறிய மின்குமிழ். வீச்சம் மிகுந்தால் குமிழின் இழை சூடேறும். சூடேறினால் அதன் தடை உயரும். தடை உயர்ந்தால் வீச்சம் தணியும். சில சதம் பெறுமதியான ஒரு குமிழ், விலையுயர்ந்த பல உறுப்புக்களின் வேலையைச் செய்தது. 1940இல் வெளிவந்த ‘பன்றாசியா’ என்னும் படத்தின் ஒலியமைப்பு வேலைக்கென வால்ற் டிஸ்னியின் நிறுவனம் அக்கருவியின் திருந்திய வடிவத்தில் எட்டினை வாங்கியது.

இனி, நிலைபெயராத ஓர் அலைக்கு எங்கே போவது? விடை ஒரு கல்லில் இருந்தது. குவாட்ஸ் எனப்படும் படிகக்கல்லை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னேற்றம் தோன்றும் வகையான பண்பை 1880இல் பியர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர் கண்டனர். மின்னைச் செலுத்தினால் அக்கல் நெளியும் என்பது அதன் மறுதலை. உரிய திசையிற் சீவிய மெல்லிய தகடொன்று தன் தடிப்புக்கேற்ற ஒரே மீடிறனில் அதிரும். 10 மெகாஹேர்ட்ஸுக்கு வேண்டிய தகட்டின் தடிப்பு ஏறத்தாழ ஆறிலொரு மில்லிமீற்றர். 1921இல் அமெரிக்கரான வால்ற்றர் கேடி இதனைக்கொண்டு அலைவாக்கியொன்றை அமைத்தார். பத்து இலட்சத்தில் ஒருசில பங்குக்கு மேல் விலகாத அலை சாதாரணப் பொருளாயிற்று.

ஆயின், படிகத்தின் சிறப்பு அதன் பிடிவாதமே. ஒரு தகட்டுக்கு ஒரு மீடிறன். மற்றொன்று வேண்டுமாயின் மற்றொரு தகடு வேண்டும். முற்காலத்துப் படகுக் கருவிகளில் அலைவரிசைக்கு ஒன்றாகப் படிகங்கள் செருகப்பட்டிருந்தமை இதனாலேயே. பரிசோதனைக் கருவிக்கோ இலட்சக்கணக்கான மீடிறன்கள் வேண்டும். இலட்சம் படிகங்களை யார் வாங்குவார்? ஒரேயொரு படிகத்தின் நம்பிக்கையை எல்லா மீடிறன்களுக்கும் பகிர்ந்தளிப்பது எங்ஙனம் என்பதுதான் வினா. மீடிறன் தொகுப்பு எனப்படும் கலை இவ்வினாவிலிருந்து பிறந்தது.

முதலிற் கையாளப்பட்ட வழி வெறும் எண்கணிதம். இரண்டு தம்புராக்களைச் சுருதி கூட்டும்போது, தந்திகள் சற்றே வேறுபட்டு நின்றால் நாதம் பொங்கித் தணிவதைக் கேட்டிருப்பீர்கள். அப்பொங்குதலின் வேகம் இரு மீடிறன்களின் வித்தியாசமாகும். மின்னலைகள் இரண்டினைக் கலப்பி என்னும் உறுப்பொன்றினுட் செலுத்தினால், அவற்றின் வித்தியாசமும் கூட்டுத்தொகையும் தனித்தனி அலைகளாகவே வெளிப்படும். வேண்டாததை வடிகட்டி நீக்கலாம். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் வேறு சுற்றுக்கள் உண்டு. இங்ஙனம் ஒரு படிகத்தின் அலையைக் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும் வேண்டிய மீடிறனை நேரே சமைக்கலாம். 1964இல் ஹியூலற் பக்காட் நிறுவனம் வெளியிட்ட கருவியொன்று 50 மெகாஹேர்ட்ஸ் வரை, ஒரு ஹேர்ட்ஸின் நூற்றிலொரு பங்கு படியாக, எந்த மீடிறனையும் தந்தது. ஆயின், எண்ணற்ற கலப்பிகளும் வடிகளும் அடங்கிய அத்தகைய கருவி பாரமும் விலையும் மிக்கது. ஒரு சாதாரண திருத்தகத்தின் கைக்கு எட்டாதது.

மலிவான வழி ஒரு பூட்டு. பிரெஞ்சுப் பொறியியலாளர் டி பெல்சீஸ் 1932இலேயே இதன் கருத்தை எழுதினார். ஒரு நகத்தளவுச் சில்லிலே முழுச் சுற்றும் அடங்கும் காலம் வந்த பின்னரே அது எங்கும் பரவிற்று. இதனை அவத்தைப் பூட்டுத் தடம் எனலாம். 16ஆம் அலைவரிசையையே எடுத்துக்கொள்வோம்.

பிடிவாதமற்ற, வோல்ற்றளவை மாற்றினால் எங்கும் நகரக்கூடிய ஓர் அலைவாக்கி 156.8 மெகாஹேர்ட்ஸை அண்டி ஓடுகின்றது. அதன் அலைகளை ஓர் எண்ணி எண்ணுகின்றது. ஒவ்வொரு 6,272 அலைக்கும் ஒரு துடிப்பை வெளிவிடுகின்றது. மறுபுறத்தில், 10 மெகாஹேர்ட்ஸ் படிகத்தின் அலையை 400ஆல் வகுத்தால் 25 கிலோஹேர்ட்ஸ் கிடைக்கின்றது. ஒப்புநோக்கி என்னும் உறுப்பு இருபுறத்துத் துடிப்புக்களையும் அருகருகே வைத்துப் பார்க்கின்றது. ஒன்று முந்தினால், முந்திய அளவுக்கேற்ப ஒரு வோல்ற்றளவு எழுந்து, ஓடும் அலைவாக்கியைப் பின்னிழுக்கும், பிந்தினால் முன்தள்ளும். இரண்டும் அடிக்கு அடி ஒத்து நடக்கும்போதே அமைதி பிறக்கும். அந்நிலையில் அலைவாக்கியின் மீடிறன் 25 கிலோஹேர்ட்ஸின் 6,272 மடங்கு. கணக்குப் பார்த்தால் மிகச் சரியாக 156.8 மெகாஹேர்ட்ஸ். எண்ணியில் 6,272க்குப் பதிலாக 6,261 என்று இட்டால், இடரழைப்பை எண்வடிவில் விடுக்கும் 70ஆம் அலைவரிசைக்குரிய 156.525 மெகாஹேர்ட்ஸ் வந்துவிடும். படிகம் மாறவில்லை, எண் ஒன்றே மாறிற்று.

இவ்வழகிய ஏற்பாட்டுக்கும் விலை உண்டு. மீடிறன் 6,272 மடங்காகும்போது, படிகத்திலும் ஒப்புநோக்கியிலும் உள்ள நடுக்கமும் அதே மடங்காகப் பெருகும். டெசிபெல் கணக்கில் 76. ஊசிபோற் கூர்மையாக நிற்கவேண்டிய அலையின் இருமருங்கிலும் இரைச்சல் ஒரு பாவாடைபோல் விரிந்து நிற்கும். மேலும், ஒரு ஹேர்ட்ஸ் படியில் மீடிறன் வேண்டுமெனில் இம்முறையின்படி ஒப்புநோக்கலும் செக்கனுக்கு ஒருமுறையே நிகழும். பூட்டு விழுவதற்குப் பல செக்கன்கள் காத்திருக்கவேண்டும்.

இதற்குக் கண்ட மாற்று எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. முழுவெண்ணால் மட்டுமே வகுக்கத் தெரிந்த எண்ணியைப் பின்னத்தால் வகுக்கச் செய்யலாம். ஒப்புநோக்கும் மீடிறன் 25 கிலோஹேர்ட்ஸ் அன்று, 1 மெகாஹேர்ட்ஸ் என வைத்துக்கொள்வோம். வேண்டிய எண் 156.8. ஐந்து முறையில் ஒருமுறை 156ஆலும் நான்கு முறை 157ஆலும் வகுத்தால் சராசரி 156.8 அன்றோ? நாட்கூலிக்காரர் சில்லறை இல்லாதபோது ஒரு நாள் கூட்டியும் மறுநாள் குறைத்தும் வாங்கிக் கணக்கை நேர்செய்வது போன்றதே இது. ஐந்து முறைக்கு ஒருமுறை அதே ஒழுங்கு திரும்புவதால் 200 கிலோஹேர்ட்ஸ் தள்ளி ஒரு போலியலை முளைக்கும் என்பதே குறை. ஆதலின், 156ஐயும் 157ஐயும் அவற்றின் அயலெண்களையும் ஒழுங்கு தெரியாதவாறு குலைத்து மாற்றுகின்றனர். சராசரி மட்டும் குலையாது. அக்குலைவால் எழும் இரைச்சலைத் தூரத்து மீடிறன்களுக்குத் தள்ளிவிட்டு, அங்கே அதனை வடியினால் நீக்குகின்றனர்.

மற்றொரு முறை, அலையை ஓர் அலைவாக்கியும் இன்றி எண்களாலேயே வரைவது. 1971இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர், தியேர்னி, ரேடர், கோல்ட் என்போர், இதனை விளக்கி எழுதினர். ஒரு கடிகார முகத்தைக் கற்பனை செய்யுங்கள். அதில் அறுபது கோடுகள் அல்ல. 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 கோடுகள் உள்ளன. இரண்டு என்னும் எண்ணை முப்பத்திரண்டு முறை தன்னாற் பெருக்கி வருவது அது. செக்கனுக்குப் பத்துக்கோடி முறை முள் தாவுகின்றது. ஒவ்வொரு தாவலுக்கும் எத்தனை கோடு தாண்டவேண்டும் என்பதை நாம் குறிக்கின்றோம். தாவல் சிறிதானால் முள் வட்டத்தை மெதுவாகச் சுற்றும். பெரிதானால் விரைந்து சுற்றும். முள் நிற்கும் கோணத்துக்குரிய சைன் பெறுமானத்தை ஓர் அட்டவணையிற் பார்த்து, அவ்வெண்ணை வோல்ற்றளவாக மாற்றினால், படிபடியான ஓர் அலை வரும்; வடியொன்று அப்படிகளைத் தேய்த்து மழுப்பிவிடும். மீடிறனின் மிகச் சிறிய படி ஒரு ஹேர்ட்ஸின் நாற்பதிலொரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மாற்றமோ கண்ணிமைக்கும் நேரத்திலும் பன்மடங்கு குறைந்த காலத்தில் நிகழும். பூட்டு விழக் காத்திருத்தல் இல்லை. ஆயினும், முள் தாவும் வேகத்தின் அரைப்பங்குக்கு மேற்பட்ட மீடிறனை இது தரமாட்டாது. நானூறு கோடி வரிகொண்ட அட்டவணையை எங்கும் வைத்தல் இயலாதாகையால், கோணத்தின் கடைசி இலக்கங்களைத் தள்ளிவிட்டே பார்க்கின்றனர். தள்ளிய மிச்சம் சிறுசிறு போலியலைகளாகத் தலைகாட்டும். இன்றைய நல்ல பிறப்பாக்கிகள் இம்முறையையும் பூட்டு முறையையும் கலந்தே ஆள்கின்றன.

இவ்விடத்திலே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இன்று மலிவாகக் கிடைக்கும் கருவிகளின் முகப்பிலே பத்துப் பன்னிரண்டு இலக்கங்கள் ஒளிர்கின்றன. வாங்குவோர் அத்தனை இலக்கமும் மெய்யென நம்புகின்றனர். இலக்கங்களின் எண்ணிக்கை படியின் நுண்மையைக் காட்டுவதேயன்றி உண்மையைக் காட்டுவதன்று. எல்லா மீடிறன்களும் ஒரே படிகத்தின் பிள்ளைகளாதலால், தாய் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு பிசகினால் பிள்ளைகள் யாவும் அவ்வாறே பிசகும். 156.8 மெகாஹேர்ட்ஸில் அது 784 ஹேர்ட்ஸ். அனுமதிக்கப்பட்ட விலகலிற் சரிபாதி. அத்தகைய கருவியால் ஒரு படகின் செலுத்தியைச் சோதித்து ‘நன்று’ என எழுதிக்கொடுப்பது, நெளிந்த அடிக்கோலால் நேர்கோடு கீறுவதாகும்.

வலுவைக் குறித்தும் இத்தகைய ஏமாற்றம் உண்டு. ஒரு நல்ல வாங்கி, ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்திலொரு பங்கினும் நாலிலொன்றான சைகையையும் கேட்டுணர வல்லது. ஒரு வோல்ற் அலையை 40 இலட்சம் மடங்கு மெலிவித்தே அத்துணைச் சிறு சைகையைப் பெறல் வேண்டும். மெலிவாக்கி அதனைச் செய்துவிடும். சிக்கல் பெட்டியில் உள்ளது. பெட்டியின் விளிம்பிலே மயிரிழை இடைவெளி இருந்தாலும் உள்ளிருக்கும் பெரிய அலை கசிந்து நேரே வாங்கியை அடையும். திருத்துவோர் இதனை அறிய ஓர் எளிய வழி உண்டு. இணைப்புக் கம்பியை வாங்கியிலிருந்து கழற்றிவிட்டுக் கேட்கவேண்டும். சைகை அப்போதும் கேட்குமாயின், இதுவரை எழுதிய அளவுகள் யாவும் வீண்.

இனி, கருவியின் இரண்டாந் தொழில். படகின் செலுத்தி வெளிவிடும் 25 வாற் வலுவை முதலிலே மெலிவித்து, உள்ளே ஆக்கிய மற்றோர் அலையோடு கலந்து, 10.7 மெகாஹேர்ட்ஸ் போன்ற ஒரு தாழ்ந்த மீடிறனுக்கு இறக்குகின்றனர். 1918இல் ஆம்ஸ்ற்ரோங் வகுத்ததும் உங்கள் வீட்டு வானொலிப் பெட்டியில் உள்ளதும் இம்முறையே. இதுவரை பழைமை. இதற்கப்பால் அலை அலையாக இருப்பதை விட்டு எண்ணாகின்றது. செக்கனுக்குப் பல கோடி முறை அதன் உயரத்தை அளந்து எண்களாக எழுதிக்கொள்கின்றது கருவி.

எத்தனை முறை அளந்தாற் போதும்? அலையின் மீடிறன்கள் பரந்திருக்கும் அகலத்தின் இருமடங்குக்கு மேல் என்பது நைக்குவிஸ்ற் 1928இல் எழுதியவற்றிலிருந்து வளர்ந்து, 1949இல் ஷனன் தெளிவுற நிறுவிய விதி. மீறினால் விளைவு யாது? திரைப்படத்திலே வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைக் கண்டிருக்கிறீர்கள். சக்கரத்தின் குற்றமன்று அது. படக்கருவி போதிய தடவை பாராத குற்றம். அவ்வாறே, அளவையிற் குறைந்தால் இல்லாத மீடிறனொன்று இருப்பதுபோல் தோன்றும். ஆகவே அளப்பதற்கு முன்னரே வடியொன்றை வைத்து, விளைவைக் குழப்பக்கூடிய அலைகளை வாயிலிலேயே தடுத்துவிடுகின்றனர்.

எண்களான பின்னர் அவற்றைச் சைன் எண்களாலும் கோசைன் எண்களாலும் தனித்தனி பெருக்கி இரு தொடர்களாக்குகின்றனர். அவ்விரண்டும் சேர்ந்து, ஒரு தளத்திலே சுழலும் முள்ளின் கிழக்கும் வடக்கும் போன்றன. முள்ளின் நீளம் அலையின் வலு; முள் சுழலும் வேகம், எதிர்பார்த்த மீடிறனிலிருந்து அலை விலகிய அளவு. முள் அசையாது நின்றால் செலுத்தி குறிதவறாது நிற்கின்றது. பேசுவோனின் குரலுக்கேற்ப முள் முன்னும் பின்னும் சுழலும்; கடல்வழிக் கருவிகளில் அவ்விலகல் இருபுறமும் 5 கிலோஹேர்ட்ஸைத் தாண்டலாகாது. பெருக்கலும் வகுத்தலுமன்றி இங்கே சுருளும் இல்லை, திருகாணியும் இல்லை. எண்கள் சூடேறி நகர்வதுமில்லை.

செலுத்தி தன் அலைவரிசைக்கு வெளியே சிந்தும் போலியலைகளை அறிவதற்கு, எண்தொடரை அதன் மீடிறன்களாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். 1,024 எண்களை நேர்வழியே பிரிப்பதற்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். 1965இல் கூலி, ரூக்கி என்னும் இருவர் வெளியிட்ட குறுக்குவழி, தொடரை இரண்டிரண்டாகப் பிளந்து அதனை 5,120 பெருக்கல்களாகச் சுருக்கிற்று. ஜேர்மன் கணிதமேதை காவுஸ் 1805ஆம் ஆண்டளவில் இதே வழியைச் சிறுகோள்களின் பாதையைக் கணிக்கையிற் குறித்துவைத்திருந்தார் என்பது பின்னரே வெளிப்பட்டது. இக்குறுக்குவழியும் ஒரு கட்டுப்பாட்டை மீறாது: ஒரு ஹேர்ட்ஸ் வித்தியாசத்தைப் பிரித்துக் காணவேண்டுமாயின் ஏறத்தாழ ஒரு செக்கன் கேட்டேயாகவேண்டும். இரு தந்திகளின் பொங்குதல் செக்கனுக்கு ஒன்றாயின், அரைச்செக்கன் மட்டும் கேட்டவன் அதனை உணர்வானோ?

வாங்கியைச் சோதிக்கையிலும் இவ்வெண்கணிதம் உதவுகின்றது. 1 கிலோஹேர்ட்ஸ் தொனியை ஏற்றிய மெலிந்த அலையை வாங்கிக்குள் விட்டு, ஒலிபெருக்கியில் வருவதை அளப்பர். பின் தொனியை மட்டும் நீக்கி, எஞ்சிய இரைச்சலை அளப்பர். முன்னதன் நாலிலொன்றாகப் பின்னது இருக்கும் வரையில் சைகையை மெலிவித்துச் செல்வர். அந்நிலைக்குரிய வலுவே வாங்கியின் உணர்திறன் என்று பதிவேட்டில் எழுதப்படுகின்றது.

எல்லாவற்றுக்கும் தாயான அந்த 10 மெகாஹேர்ட்ஸ் படிகத்தை யார் சோதிப்பது? படிகமும் மூப்படையும், ஆண்டுக்காண்டு சிறிது நகரும். அதனைச் சிறு அடுப்பிலிட்டு மாறா வெப்பநிலையில் வைப்பர் சிலர். ருபீடியம் ஆவியின் அணுக்களோடு பூட்டுவர் வேறு சிலர். செக்கன் என்பதே 1967 முதல் சீசியம் அணுவின் 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 அலைவுகள் என வரையறுக்கப்பட்டிருப்பதால், முடிவான நீதிபதி அவ்வணுவே. அணுக்கடிகாரம் சுமந்து சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகளின் சைகையை வாங்கிப் படிகத்தை நெறிப்படுத்தல் இன்று பெருவழக்காகிவிட்டது.

அவ்வசதி இல்லாத மேசைக்கும் ஒரு வழி உண்டு. அதற்கு வேண்டியது ஒரு சிற்றலை வானொலிப் பெட்டியும் பொறுமையும். அமெரிக்காவின் டபிள்யூ. டபிள்யூ. வி. நிலையம் 1923 முதல் நியம மீடிறன்களை ஒலிபரப்பி வருகின்றது. நம் பகுதிக்குக் கிட்டிய நிலையம் சீனாவின் பி. பி. எம். ஆகும். அதனைப் பகல்வேளையில் 15 மெகாஹேர்ட்ஸில் வைத்துக் கேளுங்கள். பிறப்பாக்கியையும் 15 மெகாஹேர்ட்ஸில் நிறுத்தி, அதிலிருந்து சிறு கம்பியொன்றைப் பெட்டியின் அருகே கொண்டுசெல்லுங்கள். இரண்டும் சற்றே வேறுபட்டால், தம்புராவிற் கேட்டதுபோல ஒலி பொங்கித் தணியும். பொங்குதல் செக்கனுக்கு ஒன்றாகும்வரை படிகத்தின் திருகைத் திருப்பினால், 16ஆம் அலைவரிசையில் உங்கள் பிழை பத்தரை ஹேர்ட்ஸ் மட்டுமே. இன்னும் மெதுவாக்கலாம், ஆயின், அலையைத் திருப்பியனுப்பும் அயன்மண்டலம் தானே உயர்ந்து தாழ்வதனால், ஓர் எல்லைக்கு மேல் அந்தப் பொங்குதல் வானத்தினதா, படிகத்தினதா என்று சொல்லமுடியாது. விடியலிலும் அந்தியிலும் அவ்வசைவு மிகுதி. உச்சிப்பொழுதை அண்டி அது அடங்கியிருக்கும்.